வங்கக் கடல் புயலை வீட்டுக் கணினியில் ஆராய்வது எப்படி: செயற்கைக்கோள் தரவு முதல் உருவகப்படுத்தல் வரை

வடசென்னையில் இருந்துகொண்டே, எந்த ஆய்வுக்கூடத்தின் துணையும் இல்லாமல், கடந்துபோன ஒரு புயலைச் செயற்கைக்கோள் தரவாலும் கணினி உருவகப்படுத்தலாலும் (வளிமண்டலச் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டிப் புயலை மறுபடி உருவாக்குவதாலும்) ஆராய விரும்பும் மாணவர்களுக்கும் வானிலை ஆர்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். புயலின் இயற்பியலைக் கற்பிக்கும் பாடநூல்கள் நிறைய உள்ளன. ஆனால் எந்தக் கணக்கை எப்போது திறப்பது, வன்தட்டில் எவ்வளவு இடம் வேண்டும், வேலை எந்த இடத்தில் காரணம் தெரியாமல் நின்றுபோகும் என்பதையெல்லாம் நான் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். நான் பார்த்தவரை, இதில் இறங்கும் புதியவர்கள் சமன்பாடுகளைக் கண்டு விலகுவதில்லை; கடவுச்சொல், கோப்பு வடிவம், வன்தட்டு, நேரக் கணக்கு ஆகியவற்றில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

செயற்கைக்கோள், உருவகப்படுத்தல் ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் போதாது. செயற்கைக்கோள் உண்மையில் நடந்ததைக் காண்கிறது. ஆனால் பெரும்பாலும் மேகத்தின் மேற்பரப்பை மட்டும், அல்லது தான் கடந்துபோகும் சில நிமிடங்களில் மட்டும் காண்கிறது. உருவகப்படுத்தல் ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு மணியிலும் காற்று, ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் தருகிறது; ஆனால் அது தருவது நடந்ததுதான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்ப்பதே இந்த வேலையின் சாரம்.

கல்லூரி அல்லது அலுவல் முடிந்த மாலை நேரங்களில் மட்டும் செய்தால் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு பழைய புயலை முடித்துவிடலாம்.

1. தரவிறக்கத்துக்கு முன் ஒரே புயலும் ஒரே கேள்வியும்

முதல் நாளே தரவை இறக்கத் தொடங்காதீர்கள். எந்தப் புயல், அதில் என்ன கேள்வி என்பதை ஒரு தாளில் இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கருவி வேண்டும், எத்தனை நாள் தரவு வேண்டும், எவ்வளவு நுணுக்கமாக உருவகப்படுத்த வேண்டும் என்ற மூன்றையும் அந்தக் கேள்விதான் தீர்மானிக்கும்.

நம் பகுதிக்கு மூன்று நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. 2016 டிசம்பர் 12 அன்று பிற்பகலில் சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா, காற்றைப் பற்றிய கேள்விகளுக்கு ஏற்றது. புயலின் மையப்பகுதி நகரத்தை ஒட்டியே வந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ், கரையை நெருங்கும்போது புயல் எப்படி வலுவிழக்கிறது என்பதைப் பார்க்க உதவும். மழையைப் பற்றி ஆராய விரும்பினால் மிக்ஜாம்தான் என் பரிந்துரை. அது 2023 டிசம்பர் 5 அன்று கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முன்பே, 3, 4 ஆகிய தேதிகளில், நமக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடியே சென்னையை மூழ்கடித்தது. கரையைக் கடக்கும் இடத்தை மட்டும் வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தப் புயல் கற்றுக்கொடுப்பது நிறைய. "மையம் கடலிலேயே இருந்தபோது மழைப்பட்டை ஏன் நகரத்தின் மேல் நிலைத்தது" என்பது புதியவர் ஒருவர் கையாளக்கூடிய அளவிலான கேள்வி. "புயல்கள் ஏன் வலுக்கின்றன" என்பது அப்படிப்பட்டதல்ல. இனி வரும் படிகளுக்கு மிக்ஜாமையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

2. கணக்குகளும் ஆவணங்களும்

கீழ்க்கண்ட கணக்குகள் அனைத்தும் இலவசம். ஆனால் ஒரே நாளில் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று எண்ணாதீர்கள்; முதல் வாரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலாவது மோஸ்டாக். அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நடத்தும் இந்தத் தளத்தில்தான் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் தரவு கிடைக்கும். பெயர், மின்னஞ்சல், நிறுவனம், எதற்காகத் தரவு தேவை என்ற விவரங்களைக் கேட்பார்கள். மாணவர்கள் கல்லூரி மின்னஞ்சலைத் தருவது நல்லது. நோக்கம் என்ற இடத்தில் "ஆராய்ச்சி" என்று ஒற்றைச் சொல்லை எழுதாமல், எந்தப் புயல், எந்தத் தேதிகள் என்று ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். உடனுக்குடன் வரும் மூலத் தரவு எல்லாப் பயனர்களுக்கும் திறந்திருப்பதில்லை. பழைய புயலை ஆராய்பவருக்கு அது தேவையும் இல்லை.

இரண்டாவது நாசாவின் எர்த்டேட்டா. கணக்கைத் திறந்த பிறகு, மழைத் தரவை வைத்திருக்கும் காப்பகத்துக்கு உங்கள் கணக்குப் பக்கத்திலேயே தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தும் தரவிறக்கம் மறுக்கப்படும். சில நேரம் தரவுக் கோப்புக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கமே கோப்பாக இறங்கிவிடும். இறங்கிய கோப்பு சில கிலோபைட் அளவில் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது கோபர்னிகஸ். ஐரோப்பியர்களின் இந்த ஏற்பாட்டில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் தேவை: சென்டினல் படங்களுக்கு ஒன்று, ஈஆர்ஏ5 என்ற மறுபகுப்பாய்வுத் தரவுக்கு (பழைய அளவீடுகளைக் கணினிக் கணக்கோடு இணைத்துத் தயாரித்த கடந்தகால வளிமண்டலப் பதிவு) மற்றொன்று. ஈஆர்ஏ5 பக்கத்தில் ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் உரிம விதிகளை ஒருமுறை ஏற்றுக்கொண்டால்தான் நிரல் வழியாகக் கேட்கும் கோரிக்கை நிறைவேறும்.

தரை நிலையங்களின் மழை, காற்று அளவுகள் வேண்டுமென்றால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புணே தரவு மையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்களிடம் கல்வி நிறுவனத் தலைவர் கையொப்பமிட்ட சான்றும், தரவை வேறு எவருக்கும் தரமாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். துறைத்தலைவரின் கையொப்பம் வாங்குவதுதான் இதில் அதிக நாள் பிடிக்கும் வேலை. ஆகவே முதல் நாளே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். நாடு முழுவதற்குமான கட்ட வடிவ மழைத் தரவுக்கு, அதாவது 0.25 பாகை இடைவெளியில் அமைந்த தினசரித் தொகுப்புக்கு, இந்தச் சடங்கு தேவையில்லை, நேரடியாக இறக்கலாம்.

3. செலவு

மேலே சொன்ன மூன்று தளங்களின் தரவுக்கும் மென்பொருளுக்கும் ஒரு ரூபாயும் இல்லை. செலவு முழுவதும் கருவியில்தான். குறைந்தது 8 கோர், 16 ஜி.பி. நினைவகம் கொண்ட கணினி வேண்டும். அதற்குக் குறைந்தால் செயற்கைக்கோள் பகுதியோடு நின்றுகொள்வதே நல்லது. உருவகப்படுத்தலுக்கு வேண்டிய நிலப்பரப்புத் தரவுக்கு மட்டும், சுருக்கிய கோப்பை விரித்த பிறகு, ஏறத்தாழ 30 ஜி.பி. ஆகும். புயலின் மூன்று நாட்களை உருவகப்படுத்தும் ஓர் ஓட்டத்தின் விளைவை மணிக்கொருமுறை சேமித்தால் 10 ஜி.பி.க்கு மேல் போகும். அமைப்பை மாற்றி மாற்றி ஓட்டுவீர்கள் என்பதால் 1 டி.பி. வெளி வன்தட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். ரிச்சி தெருவில் விலையைப் பேசலாம், ஆனால் ரசீதும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். நடைபாதையில் நம்ப முடியாத விலைக்கு விற்கப்படும் தட்டுகள் உறையில் அச்சிட்ட கொள்ளளவில் பாதியைக்கூடத் தாங்குவதில்லை.

வீட்டில் கைப்பேசி இணையம் மட்டும் உள்ளவர்கள் நாளொன்றுக்கான வரம்பை மனத்தில் கொண்டு கோப்புகளைப் பிரித்து இறக்க வேண்டும். கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற பொது இடங்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

4. எந்தச் செயற்கைக்கோள் எதைக் காட்டும்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் எப்போதும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பவை. அரை மணிக்கு ஒரு படம் கிடைக்கும். அகச்சிவப்புப் படத்தின் நுணுக்கம், அதாவது படத்தின் ஒரு புள்ளி அடக்கும் அகலம், 4 கி.மீ.; பகலில் மட்டும் கிடைக்கும் கட்புலப் படத்தின் நுணுக்கம் 1 கி.மீ. அகச்சிவப்புப் படம் காட்டுவது மேகத்தின் உச்சி வெப்பநிலையை. உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரமாக மேகம் வளர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு நேர் கீழே அவ்வளவு மழை பெய்கிறது என்று பொருளல்ல. புயலின் மேல் படரும் கீற்று மேகம் மழையே இல்லாத இடத்தையும் வெள்ளையாகக் காட்டும். தொலைக்காட்சியில் சென்னையின் மேல் வெண்மை படர்ந்ததும் ஏற்படும் பதற்றத்தில் பாதி இதனால் வருவது. கோப்பு எச்டிஎஃப்5 வடிவில் இருக்கும். அதிலுள்ள எண்கள் நேரடியாக வெப்பநிலை அல்ல. அதே கோப்புக்குள் உள்ள மாற்று அட்டவணையின் வழியாக அவற்றைக் கெல்வினாக மாற்றிய பிறகே வரைய வேண்டும்.

மழைக்கு நுண்ணலைக் கருவிகள் தேவை. 2014இல் நாசாவும் ஜப்பானிய விண்வெளி நிறுவனமும் சேர்ந்து அனுப்பிய ஜிபிஎம் செயற்கைக்கோளில் ரேடாரும் நுண்ணலைமானியும் உள்ளன. நுண்ணலை கீற்று மேகத்தை ஊடுருவுவதால், மறைந்திருக்கும் மழைப்பட்டையும் கண்சுவரும் (புயலின் கண்ணைச் சுற்றியுள்ள அடர்மேக வளையம்) வெளிப்படும். பல செயற்கைக்கோள்களின் அளவைக் கோத்து அரை மணிக்கு ஒருமுறை, 0.1 பாகை இடைவெளியில் வரும் ஐமெர்ஜ் என்ற தொகுப்புதான் உங்களுக்கு மிகவும் பயன்படும். இதில் மூன்று பதிப்புகள் உண்டு: சில மணி நேரத்தில் வருவது, அரை நாளில் வருவது, ஏறத்தாழ மூன்றரை மாதம் கழித்துத் தரை மழைமானிகளோடு சரிசெய்து வருவது. பழைய புயலுக்கு மூன்றாவதை மட்டும் எடுங்கள், பதிப்புகளைக் கலக்காதீர்கள். 0.1 பாகை என்பது ஏறத்தாழ 11 கி.மீ. என்பதால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கரை முழுவதும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். வியாசர்பாடிக்கும் மணலிக்கும் மழையில் என்ன வேறுபாடு என்று இதில் தேடினால் கிடைக்காது.

கடற்பரப்புக் காற்றுக்குச் சிதறல்மானி வேண்டும். 2022 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய ஈஓஎஸ்-06 செயற்கைக்கோளில் ஒன்று உள்ளது. கடல் அலைகளின் சொரசொரப்பிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் அது கணிக்கிறது. கரையை ஒட்டிய பட்டையில் நிலத்தின் எதிரொலி கலந்துவிடுவதால் எண்ணூர்க் கரைக்கு அருகே அதன் அளவை நம்பக் கூடாது. கனமழைக்குள்ளும் மிக வேகமான காற்றிலும் அது தடுமாறும்.

வெள்ளம் எங்கே நின்றது என்று பார்க்க சென்டினல்-1 ரேடார் படம் உதவும், மேகம் தடையில்லை. கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலும் பழவேற்காட்டுப் பக்கமும் தேங்கிய நீர் கருமையாகத் தெரியும். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே தேங்கும் நீரோ சுவரில் பட்டுத் திரும்பும் அலையால் வெளிச்சமாகவே தெரியும். ஆகையால் படத்தில் கருமை இல்லை என்பதை வைத்து ஒரு தெருவில் நீர் நிற்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

இந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்க நாசாவின் பனோப்ளி என்ற இலவச மென்பொருள் போதும். கணக்குப் போடுவதற்குப் பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். எதையும் இறக்காமல் முதலில் உலாவியிலேயே பார்க்க நாசாவின் வேர்ல்டுவியூ உள்ளது. புயலின் நாட்களைத் தேர்ந்தெடுக்க அதுவே எளிய வழி.

5. நேரக் கணக்கு

எல்லாச் செயற்கைக்கோள் தரவும், மாதிரியின் (உருவகப்படுத்தலைச் செய்யும் கணினி நிரலின்) தரவும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னது. இது பலருக்கும் தெரியும். தெரியாமல் போவது வேறொன்று: வானிலைத் துறை ஒரு நாளின் மழை என்று சொல்வது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததை. ஐமெர்ஜின் நாள் தொகுப்போ நம் நேரப்படி அதிகாலை 5.30க்குத் தொடங்குகிறது. மிக்ஜாம் போல இரவு முழுவதும் கொட்டிய மழையில் இந்த மூன்று மணி நேர வேறுபாடு ஒப்பீட்டையே தலைகீழாக்கிவிடும். ஆகவே நாள் தொகுப்பைத் தொடாமல், அரைமணிக் கோப்புகளை எடுத்து, 8.30 கணக்கில் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அரைமணிக் கோப்பில் இருப்பது மணிக்கு இத்தனை மி.மீ. என்ற வீதம், கூட்டுவதற்கு முன் இரண்டால் வகுக்க மறக்காதீர்கள்.

6. மாதிரியை நிறுவுதல்

அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் பராமரிக்கும் டபிள்யூஆர்எஃப் என்ற மாதிரியைப் பரிந்துரைக்கிறேன். இலவசமானது, நம் நாட்டிலும் பரவலாகப் பயன்படுவது. விண்டோஸ் கணினியில் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவி அதற்குள் இதைத் தொகுக்கலாம், அதாவது மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றலாம். அந்தத் துணை அமைப்பு இயல்பாகக் கணினியின் நினைவகத்தில் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்பதால் அதன் அமைப்புக் கோப்பில் அளவைக் கூட்ட வேண்டும்.

தொகுப்பதற்கு முன் நெட்சிடிஎஃப் முதலிய துணை நிரல் நூலகங்கள் அனைத்தையும் ஒரே ஃபோர்ட்ரான் தொகுப்பியால் உருவாக்குங்கள். ஒன்று ஒரு பதிப்பிலும் மற்றொன்று வேறு பதிப்பிலும் இருந்தால் தொகுப்பு வெகுநேரம் ஓடிக் கடைசியில் ஓட்டக் கோப்பு உருவாகாமலே முடியும். திரையில் ஓடும் எழுத்துகளைப் பதிவுக் கோப்பில் சேமித்து, அதில் முதலில் வரும் பிழையைத் தேடுங்கள். கடைசிப் பிழை பெரும்பாலும் முதல் பிழையின் விளைவு மட்டுமே.

தொடக்க நிலைக்கு ஈஆர்ஏ5 தரவை எடுங்கள். 0.25 பாகை இடைவெளியில் மணிக்கொருமுறை இருக்கும் இத்தொகுப்பில் 1940 முதலான தரவு உள்ளது. அழுத்த மட்டங்களின் தரவும் தரைமட்டத் தரவும் தனித்தனியாக வரும். தரைமட்டத்தில் மண்ணின் நான்கு அடுக்குகளின் வெப்பநிலை, ஈரம், நிலம்–கடல் பிரிப்பு ஆகியவற்றை விட்டுவிட்டால் பின்னால் வேலை நிற்கும். கோப்பை கிரிப் வடிவில்தான் கேட்க வேண்டும். நெட்சிடிஎஃப் வடிவில் இறக்கினால், தரவை மாதிரிக்கு ஏற்ப மாற்றும் அன்கிரிப் என்ற படி அதைப் படிக்காது. ஒரே கோரிக்கையில் எல்லா நாளையும் கேட்டால் வரிசையில் நெடுநேரம் காத்திருக்க நேரும். ஒவ்வொரு நாளாகக் கேளுங்கள்.

7. எல்லையும் அமைப்பும்

மாதிரி தன் பரப்பைச் சம இடைவெளியில் உள்ள புள்ளிகளாகப் பிரித்துக் கணக்கிடும்; பெரிய பரப்பு வெளிக்கட்டம், அதற்குள் நெருக்கமான புள்ளிகள் கொண்ட சிறிய பரப்பு உள்கட்டம். மிக்ஜாமுக்கு வெளிக்கட்டம் 9 கி.மீ. இடைவெளியில் வட அட்சம் 5 முதல் 20 வரை, கிழக்குத் தீர்க்கம் 75 முதல் 95 வரை இருக்கட்டும். உள்கட்டம் 3 கி.மீ. இடைவெளியில் நாகப்பட்டினத்துக்கு வடக்கிலிருந்து ஆந்திரக் கரை வரை புயல் சென்ற பாதையை முழுவதும் உள்ளடக்கட்டும். பாதை கட்டத்தின் விளிம்பை உரசக் கூடாது. உள்கட்டத்தின் புள்ளி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் மூன்றால் வகுபட வேண்டும் என்ற விதியை மறந்தால் முதல் படியிலேயே பிழை வரும்.

இடைவெளியை மூன்றில் ஒன்றாக்கினால், அதே பரப்புக்குப் புள்ளிகள் ஒன்பது மடங்காகும், நேரப் படிகள் (மாதிரி ஒவ்வொரு முறையும் முன்னேறும் சிறு நேர இடைவெளிகள்) மூன்று மடங்காகும். மொத்தத்தில் வேலை 27 மடங்கு. ஆகவே முதலில் 9 கி.மீ. கட்டத்தை மட்டும் ஓட்டிப் புயல் உருவாகிறதா என்று பாருங்கள். அது ஓரிரவில் முடியும் வேலை. பிறகே உள்கட்டத்தைச் சேருங்கள்.

நேரப் படிக்கு இடைவெளியின் கி.மீ. எண்ணை ஆறால் பெருக்கி அத்தனை நொடி என்பது பொது விதி. 9 கி.மீ.க்கு 54 வரும். புயலில் காற்று வேகமாக இருப்பதால் 45 வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கட்டத்தில் மேகத் திரட்சிக்கான தோராய முறை தேவை; 3 கி.மீ. கட்டத்தில் அதை அணைத்துவிடுங்கள், அங்கே மாதிரியே மேகத்தை நேரடியாக உருவாக்கும்.

கடல் வெப்பநிலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இயல்பான அமைப்பில் மாதிரி அதைத் தொடக்கத்தில் இருந்தபடியே மாறாமல் வைத்திருக்கும். மெதுவாக நகரும் புயல் கீழிருந்து குளிர்ந்த நீரைக் கலக்கித் தன் வெப்பத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது கணக்கில் வராவிட்டால் உருவகப்படுத்திய புயல் உண்மையைவிட வலுவாகிவிடக்கூடும். நாள்தோறும் கடல் வெப்பநிலையைப் புதுப்பிக்கும் அமைப்பை இயக்குவது ஓரளவு உதவும்.

8. ஓட்டமும் மின்வெட்டும்

மழைக்காலத்தில் நம் பகுதியில் மின்சாரம் போவதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுதொடக்கக் கோப்பு எழுதும்படி அமைத்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் அந்த இடத்திலிருந்து தொடரலாம். மடிக்கணினியை மெத்தையின் மேல் வைத்து ஓட்டாதீர்கள். ஓட்டம் பாதியில் நின்றால் செயலிகள் ஒவ்வொன்றுக்கும் உருவாகும் பிழைக் கோப்புகள் அனைத்தையும் பாருங்கள். காரணம் முதல் கோப்பில்தான் இருக்கும் என்பதில்லை.

தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது மிக முக்கியம். மிக முன்பே தொடங்கினால் பாதை விலகிப்போகும். தாமதமாகத் தொடங்கினால் மாதிரி தன் சுழற்சியை நிலைநிறுத்திக்கொள்ள நேரம் இருக்காது. முதல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேர விளைவுகளை ஒதுக்கிவிடுவதே வழக்கம். மிக்ஜாம் புயலாகப் பெயர் பெற்றது டிசம்பர் 3 அன்று. ஆகவே 1ஆம் தேதிக்கும் 2ஆம் தேதிக்கும் இடையே ஆறு மணி நேர இடைவெளியில் நான்கு வெவ்வேறு தொடக்கங்களை ஓட்டுங்கள். நான்கு பாதைகளும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகுகின்றன என்பது, அழகாக அமைந்த ஒரே ஓட்டத்தைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

9. ஒப்பிடுதல்

பாதைக்கு இந்திய வானிலைத் துறை வெளியிடும் சிறந்த பாதைப் பதிவை (புயல் முடிந்த பின் மறுஆய்வு செய்து தொகுத்த மைய இடம், வலு ஆகியவற்றின் பதிவு) எடுங்கள். அதில் உள்ள காற்றின் வேகம் மூன்று நிமிடச் சராசரி. அமெரிக்க மையங்கள் தருவது ஒரு நிமிடச் சராசரி என்பதால் அதே புயலுக்கு அங்கே கூடுதலான எண் இருக்கும். மாதிரி தருவதோ அந்தக் கணத்தின் மதிப்பு. மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டால் குறிப்பில் இதைச் சொல்லியாக வேண்டும். ஈஆர்ஏ5 தரவையே சான்றாகக் கொண்டு காற்றைச் சரிபார்க்காதீர்கள்; அதன் கட்டம் பெரியது என்பதால் புயலின் உச்ச வேகத்தைக் குறைத்தே காட்டும், தவிர உங்கள் ஓட்டம் அதிலிருந்து தொடங்கியது.

மழைக்கு ஐமெர்ஜையும் தரை நிலையங்களையும் சேர்த்துப் பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி பொருந்த வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். மழைப்பட்டை இருபது கி.மீ. தள்ளி விழுந்தாலே திருவொற்றியூருக்கு வர வேண்டிய மழை கடலில் பெய்ததாகக் கணக்காகும். அதை மாதிரியின் தோல்வி என்று எழுதுவது நியாயமல்ல. பட்டையின் வடிவம், அது நிலைத்த நேரம், மையத்திலிருந்து அதன் தொலைவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மேகத்தை ஒப்பிட, மாதிரியிலிருந்து மேக உச்சி வெப்பநிலையைக் கணக்கிட்டு இன்சாட் படத்தின் அருகில் அதே வண்ண அளவுகோலில் வையுங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ரேடார் நமக்கு மிக அருகில் இருப்பது. வானிலைத் துறையின் தளத்தில் தெரிவது அண்மைய படங்கள் மட்டுமே. ஆகவே அடுத்த புயல் வரும்போது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைச் சேமிக்க ஒரு சிறு நிரலை இப்போதே எழுதி வையுங்கள்.

10. பகிர்வதும் சேமிப்பதும்

புயல் உயிரோடு இருக்கும் நாட்களில் உங்கள் ஓட்டத்தின் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். காசிமேட்டில் படகைக் கட்டுவதா, கடலுக்குப் போவதா என்பதை வானிலைத் துறையின் எச்சரிக்கையும் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணும் மீன்வளத் துறையின் அறிவிப்பும்தான் தீர்மானிக்க வேண்டும்; வீட்டில் ஓட்டிய ஒற்றை உருவகப்படுத்தல் அங்கே போய்ச் சேர்ந்தால் ஆபத்து.

வேலை முடிந்ததும் மாதிரி எழுதிய பெரிய கோப்புகளை வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அமைப்புக் கோப்புகள் இரண்டு, மாதிரியின் பதிப்பு எண், தரவிறக்க நிரல், தரவு இறக்கிய தேதி, வரைபட நிரல்கள் ஆகியவை சில மெகாபைட்டில் அடங்கிவிடும். இவை இருந்தால் எந்த ஓட்டத்தையும் மறுபடி உருவாக்கலாம். மறுதொடக்கக் கோப்புகளை முதலில் அழியுங்கள், இடத்தை அதிகம் அடைப்பவை அவையே. புணேயிலிருந்து உறுதிமொழி கொடுத்து வாங்கிய நிலையத் தரவை மட்டும் நிரல்களோடு சேர்த்துப் பொதுவில் ஏற்றிவிடாமல், தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்.